அத்தானும் சிவப்புக் குமிழும்

என் அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். திங்கள் முதல் வெள்ளி வரை அவர் வானத்தைப் பார்ப்பது அபூர்வம். அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே உச்சியிலிருந்து அடித்தளம் வரை இறங்கும் இருட்டுக் குழிக்குள், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இரும்பு வடத்தைத் தடவித் தடவிப் பிசிறு பார்ப்பார். மூட மறுக்கும் கதவை மூட வைப்பார். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களை வெளியிலிருந்தே பேசிப் பேசி அமைதியாக்கிவிட்டுப் பிறகு இறக்குவார். வேலையில் ஆள் கெட்டி. வீட்டில் வாயைத் திறந்தால் பாதி நேரம் வடம், கப்பி, பிரேக் என்றுதான் பேசுவார்.

சனிக்கிழமை விடிந்தால் ஆளே வேறு. சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே ஒரு புல்வெளி ஓடுபாதையில் நிற்கும் சின்ன விமானத்தை ஓட்டக் கிளம்பிவிடுவார். விமானம் என்றதும் யாரும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நான்கே இருக்கைகள், ஒற்றை என்ஜின், மூக்கில் ஒரு காற்றாடி, வீட்டுக் கதவை விட மெலிந்த கதவு. நான் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறவள். என் ஸ்கூல் கார் அடிபட்டு நசுங்கியதுதான் என்றாலும் அந்த விமானத்தை விட இளையது. அத்தானும் ஒரு பல் டாக்டரும் ஒரு பேக்கரிக்காரரும் மூன்று பங்காகச் சேர்ந்து அதை வைத்திருந்தார்கள்.

அக்கா அதற்கு வைத்த பெயர் சின்ன வீடு. யாராவது போன் செய்து அத்தான் இருக்கிறாரா என்று கேட்டால், "சின்ன வீட்டுக்குப் போயிருக்கார், சாயங்காலம் வந்துடுவார்" என்று சாவகாசமாகச் சொல்வாள். விஷயம் தெரியாதவர்கள் எச்சில் விழுங்குவது போனிலேயே கேட்கும். அவள் சிரிக்கமாட்டாள். அதில் பாதி நிஜமாகவே கோபம்.

அத்தானுக்கு உயரப் பறப்பதில் அவ்வளவு மோகம் கிடையாது. அவருடைய மோகம் எல்லாம் க்ரூஸ் மேல். அதாவது ஏறி முடித்து, மூக்கைச் சமமாக்கி, விமானம் நிதானமாகத் தன் போக்கில் போகும் அந்த நீண்ட நடுப்பகுதி. இந்த உயரத்தில், என்ஜின் இத்தனை சுற்று சுற்றினால், இந்த வேகம் வரும், மணிக்கு இத்தனை லிட்டர் குடிக்கும் என்று விமானத்தோடு வரும் புத்தகத்தில் ஓர் அட்டவணை உண்டு. அது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வேகம் ஒரு சொட்டு கூடுவதற்காக இறக்கைக்கு மெழுகு தேய்ப்பார். கதவிடுக்கில் பட்டை ஒட்டுவார். மோதிச் செத்த பூச்சிகளை நகத்தால் சுரண்டுவார். வாராவாரம் மல்லாந்து படுத்துக்கொண்டு, என்ஜின் கக்கிய கரியை விமானத்தின் வயிற்றிலிருந்து துணியால் துடைத்துத் துடைத்து வெள்ளைவெளேர் என்று வைத்திருப்பார். வீட்டுக்கு வரும் விருந்தாளியிடம் "வாங்க" என்று சொல்வதற்குள் "நீங்க எத்தனை கிலோ இருப்பீங்க" என்று கேட்கிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவரிடம் இருந்த ஒரே பெரிய குறையையும் சொல்லிவிடுகிறேன். கிளம்பிய பிறகு திரும்பமாட்டார். காரில் போகும்போது வழி தப்பினால், தப்பிய வழியே போய் உலகத்தைச் சுற்றியாவது சேருவாரே தவிர, நிறுத்தி யாரையும் கேட்கமாட்டார். ஒரு கல்யாணத்துக்குப் போனபோது இப்படித்தான், நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். "ஏங்க, திரும்பிடலாமே" என்று அக்கா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். "இதோ வந்துடும்" என்றார் அவர். எனக்கிருந்த ஆத்திரத்தில், என் ஸ்கூல் கார் மாதிரி பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் இருந்திருந்தால் அன்றைக்கே மிதித்திருப்பேன்.

அக்காவுக்கு எலும்பு முறிவு ஆஸ்பத்திரியில் வேலை. மாவுக்கட்டு அறை அவள் பொறுப்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் கட்டுத்துணியை நனைத்துப் பிழிந்து, உடைந்த கைகால்களைச் சுற்றிச் சுற்றி வைத்து, காய்கிற வரை பிடித்துக்கொண்டிருப்பாள். காலையில் நன்றாக நடந்து போன மனிதர்கள் மத்தியானம் எந்தக் கோலத்தில் வருவார்கள் என்று பார்த்துப் பார்த்துப் பழகியவள். அத்தானோடு ஒரு தடவைகூட அவள் விமானத்தில் ஏறியதில்லை. சனிக்கிழமை என்றால் அவர் இறங்கிவிட்டேன் என்று போன் செய்யும் வரை அவளுக்கு எந்த வேலையும் ஓடாது. மடித்த துணியையே மறுபடி உதறி மடிப்பாள்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை அந்த போன் வரவில்லை. வழியில் மேகம் கவிழ்ந்து, அவர் வேறெங்கோ இறங்கிக் காத்திருந்தார். போனில் சார்ஜ் இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு போன் கேட்டு வாங்கிப் பேசுவோம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. கேட்பதுதான் வழக்கமில்லையே. பொழுது சாய்ந்து அவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தபோது, அக்கா தனக்குத் தெரிந்த எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் போன் செய்து முடித்திருந்தாள். அவள் கத்தவில்லை. அடுத்த நாள், என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, நிதானமாகப் பேசினாள்.

"ஒரே ஒரு தடவை நான் கூட உக்காந்து வர்றேன். பொண்ணு வீட்டுக்குப் போவோம், பக்கத்துல எங்கயாவது போயிட்டு வர்றது வேண்டாம். நீங்க எப்படி ஓட்டுறீங்கன்னு கண்ணால பாக்கணும். என் மனசுக்குச் சரின்னு பட்டா அதுக்கப்புறம் சனிக்கிழமை வாயே திறக்கமாட்டேன். படலேன்னா உங்க பங்கை அந்தப் பல் டாக்டருக்கே குடுத்துடுங்க."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் சம்மதித்தார். வேறு வழி இல்லை. வாரமெல்லாம் அந்தக் குழிக்குள் அவரை நிற்க வைப்பதே சனிக்கிழமைதான் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். ஒருவர் தோற்றால்தான் இன்னொருவருக்கு நிம்மதி என்ற நிலைமைக்கு இரண்டு நல்ல மனிதர்கள் வந்து நின்றிருந்தார்கள்.

அவர்கள் மகள் இருந்த ஊர் காரில் போனால் ஒரு முழு நாள். விமானத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். அத்தான் ஒரு வாரம் கணக்குப் போட்டார். அட்டவணையைப் பார்த்து வேகம், அதிலிருந்து நேரம், நேரத்திலிருந்து பெட்ரோல், அதற்கு மேல் தாராளமாக மிச்சம். என்னிடம் காட்டினார். கூட்டல் பெருக்கல் எல்லாம் சுத்தமாக இருந்தது. இவ்வளவு தூரம் அவரும் அதுவரை ஒரே மூச்சில் போனதில்லை. அவர்களுடைய பறத்தல் எல்லாம் பக்கத்து ஓடுபாதைக்குப் போய், ஒரு டீ குடித்து, பல் டாக்டரின் ஜோக்கைக் கேட்டுவிட்டுத் திரும்புவதோடு சரி.

கிளம்பும் நாள் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. அக்கா முன்னால் உட்கார மறுத்துவிட்டாள். மகளுக்குக் கொண்டுபோகும் பையை மடியில் அணைத்துக்கொண்டு பின் இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். என்னை முன்னால் தள்ளினாள். "நீதானே டிரைவிங் டீச்சர். கவனிச்சுக்கோ" என்றாள். மூன்று பேருக்கும் காதில் ஹெட்போன், வாயருகே மைக். யார் வாயைத் திறந்தாலும் மூன்று காதிலும் விழும். அதனால் அக்காவுக்குத் தெரியாமல் அத்தானிடம் ஒரு வார்த்தை பேசவும் வழியில்லாமல் போனது.

ஏறும்போது என் கால்கள் தன்னால் பிரேக்கைத் தேடின. அத்தான் பார்த்துவிட்டுச் சிரித்தார். "டீச்சர், அங்க ஒண்ணும் இல்ல, காலை மடக்கி வெச்சுக்கோ." உயரம் வந்ததும் மூக்கைத் தாழ்த்தினார், ஒரு சின்னச் சக்கரத்தைத் திருகினார், கைகளை எடுத்துவிட்டார். விமானம் தானாகப் போனது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கீழே வயல்கள், ஒரு ஏரி, தகரக் கூரைகள். பின்னாலிருந்து சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். அக்கா கீழே பார்க்கவில்லை. அத்தானின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதிக்கு மேல் போன பிறகுதான் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. கீழே நெடுஞ்சாலையில் ஒரு சிவப்பு பஸ் போய்க்கொண்டிருந்தது. அதை முந்த நாங்கள் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டோம். எதிர்காற்று நினைத்ததை விடக் கொஞ்சம் அதிகம் என்று அத்தான் பொதுவாகச் சொன்னார். என் கண் அவர் முன்னால் இருந்த இரண்டு சின்ன முட்களுக்குப் போனது. இடது டேங்க், வலது டேங்க். சொல்லிக்கொடுக்கிறவளுக்கு முதலில் பெட்ரோல் முள்ளைப் பார்ப்பதுதான் வழக்கம், என் மாணவர்கள் டேங்க்கைக் காலியாக்கி வைத்துவிட்டுப் போகிற ஜாதி.

"அத்தான், இந்த ரெண்டும் ரொம்ப இறங்கியிருக்கே?"

"இந்த மாதிரி பழைய வண்டில அதுங்கள யாரும் நம்பமாட்டாங்க டீச்சர். எப்பவும் பொய்தான் சொல்லும். கணக்குதான் நிஜம்."

"ரெண்டும் சேந்து ஒரே பொய்யவா சொல்லும்?"

அவர் விரலால் கண்ணாடியைத் தட்டினார். முட்கள் நடுங்கிவிட்டு அதே இடத்துக்கு வந்தன. தொடையில் கட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி முள்ளைப் பார்த்தார். அத்தானை எனக்கு இருபது வருடத்துக்கு மேலாகத் தெரியும். தன் பக்கம் சரி என்று இருந்தால் மணிக்கணக்கில் விளக்குவார். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தையும் விளக்கவில்லை.

வரைபடம் என் மடியில் இருந்தது. மகள் ஊருக்கு முன்னால் வேறு ஓடுபாதை எதுவும் இல்லை, வெறும் காடும் மேடும்தான். ஒன்று பின்னால் இருந்தது, நாங்கள் சற்று முன் தாண்டி வந்தது. அது எனக்குத் தெரிகிறது என்றால் அவருக்கும் தெரியும். மகள் அங்கே காத்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் நீதிபதி உட்கார்ந்திருக்கிறாள். இப்போது திரும்பினால், தான் போட்ட கணக்கு தப்பு என்று அவளுக்குத் தானே சாட்சி சொன்ன மாதிரி. திரும்பாமல் போனால் ஒருவேளை எல்லாம் நல்லபடியாக முடிந்தும் போகலாம், யாருக்கும் எதுவும் தெரியவும் வேண்டாம். "இதோ வந்துடும்" என்று அவர் சொல்லப்போகிறார் என்று நான் நிச்சயமாக நம்பினேன். சொன்னால் என்ன செய்வது, கழுத்தைப் பிடிப்பதா, காலில் விழுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மூன்று காதிலும் அது கேட்டது.

"நான் எங்கயோ ஒரு தப்பு பண்ணியிருக்கேன். எங்கன்னு இப்ப தெரியல. பெட்ரோல் நான் நெனச்சதை விட வேகமா இறங்குது. இப்போதைக்கு ஆபத்து ஒண்ணும் இல்ல, ஆனா இப்படியே ஊர் வரைக்கும் போறது சரியில்ல. பின்னாடி ஒரு இடம் இருக்கு, திரும்பிப் போய் இறங்கிடறேன்."

குரல் தட்டையாக இருந்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் இப்படித்தான் பேசுவார் போல. ஒரு இறக்கை தாழ்ந்தது, சூரியன் என் பக்கத்திலிருந்து அவர் பக்கத்துக்குப் போனது. நாங்கள் வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து அக்கா, "சரிங்க" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது காற்று எங்களைப் பின்னாலிருந்து தள்ளியது. இருந்தாலும் அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு நீண்டு நீண்டு போனது. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தால் கீழே விழுந்துவிடுமோ என்று பயந்து பார்க்காமலும் இருந்தேன். அத்தான் ரேடியோவில் பேசினார், யாரோ ஒரு பெண் குரல் வாங்க வாங்க என்று பதில் சொன்னது. ஒரு மண் ஓடுபாதை, இரண்டு மஞ்சள் விமானங்கள், ஒரு தகர ஷெட். இறங்கும்போது ஒரு குதி குதித்து உட்கார்ந்தோம். என்ஜினை நிறுத்தியதும் வந்த அமைதியில் நான் என்னை அறியாமல் பெரிதாக மூச்சு விட்டேன். உயிரோடு மண்ணில் இருப்பது எவ்வளவு சாதாரணமான, எவ்வளவு நல்ல விஷயம் என்று அப்போதுதான் உறைத்தது.

ரேடியோவில் பேசிய பெண்மணி வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டுகிறவர். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் டீ. அத்தான் இறக்கை மேல் ஏறி, டேங்குக்குள் அளவுக்குச்சியை விட்டு எடுத்து, நனைந்த இடத்தைப் பார்த்தார். அடுத்த டேங்குக்குப் போய் அதே போல எடுத்துப் பார்த்தார். இறங்கி வந்து இறக்கையின் நிழலில் நின்றார். அந்தப் பெண்மணி அதற்குள் குனிந்து என்ஜினுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த புகைக்குழலுக்குள் விரலை விட்டு, கரியை எடுத்துக் காட்டினார்.

"என்ன சார் இது, அடுப்பு மாதிரி இருக்கு? க்ரூஸுக்கு வந்ததும் கலவையைக் குறைக்கிறதில்லையா?"

"ரொம்ப உயரத்துக்குப் போனாத்தானே குறைக்கணும்" என்றார் அத்தான். சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

"அப்படி ஒண்ணும் இல்ல சார். உங்க புத்தகத்துல மணிக்கு இத்தனை லிட்டர்னு போட்டிருக்கறதே, குறைச்சு ஓட்டினாத்தான். குறைக்காம ஓட்டினா நாலு பேர் சாப்பாட்டை மூணு பேரே சாப்பிட்டுட்டுப் போற கதைதான். நெறைய பேர் பண்றதுதான், விடுங்க."

அந்தப் பெண்மணி டீயைக் குடித்துக்கொண்டே பம்ப்புக்கு ஆள் கூப்பிடப் போனார். அத்தான் ஓடுபாதையைப் பார்த்தபடி எங்களுக்கு விளக்கினார். பெட்ரோலும் காற்றும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதைச் சொல்ல விமானத்தில் ஓட்டுகிறவருக்கு முன்னால் ஒரு சிவப்புக் குமிழ் இருக்கிறது. கொஞ்சம் இழுத்தால் பெட்ரோல் குறையும். முழுக்க இழுத்தால் என்ஜின் நின்றுவிடும். கற்றுக்கொண்ட காலத்தில் ஒரு நாள் நடுவானில் வேறு எதையோ இழுப்பதற்குப் பதில் இதை இழுத்துவிட்டார். என்ஜின் திக்கியது. பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் கையைத் தட்டிவிட்டு, இறங்கும் வரை திட்டித் தீர்த்தார். அதற்குப் பிறகு தரையில் என்ஜினை நிறுத்துவதற்குத் தவிர அந்தக் குமிழுக்கு அவர் கை போனதே இல்லை.

"எல்லாம் படிச்சதுதான். பரீட்சைல இதுக்குத்தான் முழு மார்க் வாங்கினேன். கை மட்டும் அந்தப் பக்கம் போகல. கணக்கைப் புத்தகத்துப்படி போட்டேன், வண்டியை என் பயத்துப்படி ஓட்டினேன்."

குட்டிக் குட்டிப் பயணங்களில் ஏறுவதிலேயே பாதி நேரம் போய்விடும், பெட்ரோல் கூடக் குறைய ஆவது யாருக்கும் தெரியாது. மூன்று பேர் ஓட்டுகிற வண்டியில் யார் எவ்வளவு குடித்தார்கள் என்று யார் பார்ப்பது? விமானமாவது கரியைக் கக்கிக் கக்கிச் சொல்லிக்கொண்டிருந்தது. இவர் வாராவாரம் மல்லாந்து படுத்து, அதையும் பாசமாகத் துடைத்துவிட்டு வந்திருக்கிறார். இன்னொரு நாளாக இருந்தால் இதை வைத்து அவரை ஒரு வருடம் ஓட்டியிருப்பேன். அன்றைக்கு வாய் வரவில்லை.

அக்கா ஷெட்டுக்குப் பக்கத்தில் இருந்த குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"திரும்பாமப் போயிருந்தா?"

நான் அத்தானைப் பார்த்தேன். பூசி மெழுகச் சொல்லிக் கண்ணால் கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம். கொஞ்சம் சிரமப்பட்டிருப்போம், ஆனால் சேர்ந்திருப்போம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே. கேட்கிறவளுக்கு என்ன தெரியும்?

"சேந்திருக்கமாட்டோம்" என்றார் அத்தான். "இந்தக் காத்துக்கு, நான் ஓட்டின மாதிரிக்கு, ஊர் கண்ணுக்குத் தெரியற தூரத்துல தீந்திருக்கும்."

அக்கா தலையை ஆட்டினாள். அவர் தொடர்ந்தார், அவள் கேட்பதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்பது போல.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்மா. பொண்ணு ஊருக்கு இங்கேருந்து பஸ் இருக்கான்னு கேக்கறேன், நீங்க ரெண்டு பேரும் அதுல வாங்க. நான் இதைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுட்டு டாக்டர்கிட்ட பேசிடறேன். உன்னை இதுல வெச்சுக்கிட்டு இப்படிப் பண்ணினேன். எனக்கே மனசு ஒப்பல."

சொல்லிவிட்டு இறக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அக்கா அவரை விட்டுவிட்டு விமானத்தின் கதவைப் பார்த்தாள், பிறகு ஓடுபாதையை, அதன் கோடியில் இருந்த வானத்தை. அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இங்க பாருங்க" என்றாள். "எங்க ரூமுக்கு வர்ற ஆளுங்கள நான் கட்டுப் போடும்போது கேப்பேன், எப்படி ஆச்சுன்னு. எப்பவும் ஒரே பதில்தான். போயிடலாம்னு நெனச்சேன் சிஸ்டர். சிக்னலுக்குள்ள போயிடலாம்னு நெனச்சேன், லாரிக்கு முன்னால போயிடலாம்னு நெனச்சேன், தண்ணி கொஞ்சம்தான், தாண்டிப் போயிடலாம்னு நெனச்சேன். சனிக்கிழமை ஆச்சுன்னா எனக்கு உங்க குரல்ல அது கேக்கும். எனக்கு இந்த மெஷின் மேல எல்லாம் பயம் கிடையாதுங்க. அது பாட்டுக்குப் போகுது. நீங்க போயிடலாம்னு நெனைக்கிற ஆளு. அதுக்குத்தான் இத்தனை வருஷமும் பயந்தேன்."

அத்தான் இறக்கையின் விளிம்பிலிருந்து கையை எடுத்தார்.

"நீங்க திரும்பிட்டீங்க. நான் பின்னால இருக்கேன்னு தெரிஞ்சும், என்கிட்ட தோத்துப் போறோம்னு தெரிஞ்சும் திரும்பினீங்க. இதைப் பாக்கத்தான் நான் ஏறினேன். வேற எதையும் பாக்கணும்னு எனக்கு இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "அந்தக் குமிழை எப்படி இழுக்கறதுன்னு அந்த அம்மாகிட்ட ஒழுங்காக் கேட்டுக்கோங்க. கேட்டா ஒண்ணும் கொறஞ்சு போயிடமாட்டீங்க. நான் பஸ்ல எல்லாம் வரமாட்டேன், எத்தனை பஸ் மாறணுமோ" என்றாள்.

நான் அழுதுவிட்டேன். அழுததற்கு எனக்கு வெட்கமே இல்லை. காலையிலிருந்து என் நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருந்தது போல இருந்தது, எழுந்து போய்விட்டார்கள். அத்தான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு நேராக ரப்பர் பூட்ஸ் பெண்மணியிடம் போய், "மேடம், கொஞ்சம் சொல்லிக்குடுங்க" என்று கேட்டார். அத்தான் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்து நான் அதுவரை கேட்டதில்லை. இரண்டு பேரும் விமானத்துக்குள் உட்கார்ந்து என்ஜினை ஓடவிட்டு, அவர் சொல்லச் சொல்ல இவர் இழுத்தார், தள்ளினார், காதைக் கொடுத்துக் கேட்டார். அதற்குள் நானும் அக்காவும் ஷெட்டில் டீ குடித்தோம். மகளுக்கு போன் செய்து, வரத் தாமதமாகும், நீ சாப்பிட்டுவிடு என்றோம்.

டேங்க் இரண்டையும் வழிய வழிய நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். உயரம் வந்ததும் அத்தான் சிவப்புக் குமிழின் மேல் கை வைத்தார். துளித் துளியாக வெளியே இழுத்தார். என்ஜினின் குரல் லேசாக மாறியது, ஒரு கணம் தடுமாறியது, அவர் சட்டென்று கொஞ்சம் உள்ளே தள்ளினார், அது மறுபடி சீராக ஓடியது.

"என்ன இழுக்கறீங்க?" என்றாள் அக்கா பின்னாலிருந்து.

"பெட்ரோலைக் கொஞ்சம் கம்மி பண்றேன்மா."

"கொதி வந்தப்புறம் கேஸைக் கம்மி பண்ற மாதிரியா?"

"அதேதான்."

"இத்தனை நாள் இதுகூடத் தெரியாமயா ஓட்டினீங்க?" என்றாள்.

காடும் மேடும் கீழே மெதுவாகப் பின்னால் போயின. காற்று இன்னும் எதிரில்தான் இருந்தது, அவசரம் மட்டும் யாருக்கும் இல்லை. முட்களைப் பார்த்தேன், அவை இறங்குவதே தெரியவில்லை. அப்போது என் காதுக்குள் ஏதோ உரசுகிற சத்தம் வந்தது. நின்று, மறுபடி வந்தது. இவர் இழுத்ததில் என்ஜினுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தானும் முகம் வெளுத்துக் குமிழுக்குக் கையைக் கொண்டுபோனார். நான் திரும்பிப் பார்த்தேன்.

அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். பஸ்ஸிலும் ரயிலிலும்கூடக் கண் மூடாதவள், பையை மடியிலிருந்து நழுவவிட்டு, தலையை ஜன்னலில் சாய்த்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மைக் நேராக அவள் வாயருகே இருந்ததால் குறட்டை எங்கள் இருவர் காதிலும் முழுசாக இறங்கியது.

சத்தத்தைக் குறைக்கும் திருகு எனக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. கை நீட்டினேன். அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் டீச்சர்" என்றார். "இருக்கட்டும், கேட்டுக்கிட்டே போகலாம்."